லயத்து வீட்டிலிருந்து வந்த நாலு வாழை: எது எந்த ரகம், எப்படி வளர்ப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியபோது உங்கள் அம்மா நாலு வாழைக்கன்றுகளைக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்திருக்கிறார். இப்போது நாலும் தூர் கட்டி நிற்கின்றன. எது என்ன ரகம் என்று அம்மாவுக்கே சரியாக ஞாபகமில்லை. ஒன்றில் இலை மஞ்சளாகித் தொங்குகிறது. ஒன்று இன்னும் தார் தள்ளவே இல்லை. இதற்கிடையில் தமிழ்நாட்டுக்குப் போயிருக்கும் மாமா, 'நல்ல பூவன் கன்று இருக்கிறது, பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டுமா' என்று கேட்கிறார்.

முதலில் ரகம் பார்ப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது.

பெரும்பாலானவர்கள் பழத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள். குழப்பம் தொடங்குவதே அங்கேதான். இங்கே பல ரகங்களுக்கு மலாய்ப் பெயர்கள்தான்: மாஸ் சின்னப் பழம், பெராங்கான் அதைவிடப் பெரியது. நிழலில் நின்று உரம் காணாத பெராங்கான், மாஸ் அளவுக்குச் சிறுத்துப்போகும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த மாஸ், 'இது பெராங்கானா' என்று கேட்கும்படி பருக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வியாபாரி சொல்லும் பெயரையும் முழுதாக நம்ப வேண்டாம். ஓர் ஊரில் அபு என்று விற்பதை அடுத்த ஊரில் நிப்பா என்பார்கள். ஆனால் இலை மட்டையின் வடிவமும் பூவின் நிறமும் இப்படி மாறுவதில்லை. உரம் போட்டாலும் போடாவிட்டாலும் அவை அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். நாம் சாப்பிடும் வாழை அநேகமாக எல்லாமே இரண்டு காட்டு வாழைகளின் வாரிசு. ஒன்று மூசா அக்குமினேட்டா, மற்றது மூசா பால்பிசியானா. அக்குமினேட்டா நம்முடைய காட்டுச் செடிதான். மலைச்சாலை ஓரங்களில் மெலிந்த தண்டும் விதை நிறைந்த சின்னக் காயுமாக நிற்கும் பீசாங் ஹுத்தானில் (காட்டு வாழையில்) பெரும்பங்கு அதுவே. 2012-இல் விஞ்ஞானிகள் வாழையின் மரபணுத் தொகுதியை முதன்முதலாக வரிசைப்படுத்தி வெளியிட்டபோது அதற்கு எடுத்துக்கொண்ட செடி, பகாங் என்ற பெயருள்ள அக்குமினேட்டாவின் வழிவந்தது. பால்பிசியானா வடகிழக்கு இந்தியா, தென்சீனா, பிலிப்பைன்ஸ் பக்கத்துக்காரன். வெயிலையும் வறட்சியையும் தாங்குகிறவன்.

அக்குமினேட்டாவின் பங்கை 'ஏ' என்றும் பால்பிசியானாவின் பங்கை 'பி' என்றும் குறிப்பார்கள். மாஸ் வெறும் ஏஏ. பெராங்கான், எம்புன், சிவப்பு வாழை, கடையில் கிடைக்கும் கேவண்டிஷ் எல்லாம் ஏஏஏ. ரஸ்தாளி, பூவன், தண்டோக் ஆகியவை ஏஏபி. அவாக், அபு போன்றவை ஏபிபி. நிப்பாவையும் இங்கேதான் சேர்ப்பார்கள், சிலர் அதை முழு 'பி' என்றே சொல்வதும் உண்டு. பொதுவாக, 'ஏ' கூடினால் அப்படியே உரித்துச் சாப்பிடும் மெல்லிய பழம். 'பி' கூடினால் மாவுச்சத்து கூடும், தோல் தடிக்கும், மரம் முரடாக நிற்கும். அவாக் இதற்கு ஒரு விதிவிலக்கு. இரண்டு பங்கு 'பி' இருந்தும் சர்க்கரையாக இனிக்கும்.

1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார்கள். தண்டின் நிறம், மட்டையின் வாய்க்கால், பூமடலின் வடிவம் என்று 15 அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சுத்த அக்குமினேட்டா 15 வாங்கும், சுத்த பால்பிசியானா 75 வாங்கும், மற்றவை இடையில் விழும். மரபணுச் சோதனை வந்த பிறகும் வயலில் இறங்கினால் இந்த முறையைத்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு 15-ம் தேவையில்லை. தண்டு, மட்டை, பூ, இந்த மூன்றே போதும்.

தண்டைப் பாருங்கள். பழைய சருகை உரித்துவிட்டு, நெஞ்சு உயரத்தில் பாருங்கள். கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் 'ஏ' கூடின ரகம். திட்டே இல்லாமல் வெளிர்பச்சையாக, மேலே சாம்பல் பூத்ததுபோல மெழுகு படிந்திருந்தால் 'பி' கூடினது.

அடுத்து மட்டை. என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் நம்பகமானது. பூவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மேலிருந்து மூன்றாவது இலையை எடுங்கள். இலைப்பரப்பு முடியும் இடத்துக்கும் தண்டோடு ஒட்டும் இடத்துக்கும் நடுவில், மட்டையைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு வாய்க்கால் தெரியும். மாஸில் அது அகலமாகத் திறந்திருக்கும், இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் விரிந்து மெல்லிய இறக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும். ரஸ்தாளியில் ஓரங்கள் நிமிர்ந்து நிற்கும், அதன் விளிம்பில் சிவப்புக் கோடு ஓடும். அவாக், அபு, நிப்பாவில் இரண்டு ஓரமும் உள்நோக்கி வளைந்து, வாய்க்காலை ஏறக்குறைய மூடிவிடும். வெட்டும்போது பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாழைக்கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள்.

கடைசியாகப் பூ. தார் தள்ளி, சீப்புகள் வெளிவந்து, கீழே பூ மட்டும் தொங்கும் பருவத்தில் பாருங்கள். நீண்டு கூர்மையாக இருந்தால் 'ஏ' பக்கம். பருத்து, நுனி மழுங்கி, மேலே வெண்சாம்பல் பூசியிருந்தால் 'பி' பக்கம். ஒரு மடல் பிரிந்ததும் அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 'ஏ' ரகத்தில் மடல் பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். 'பி' ரகத்தில் சுருளாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு அந்த மடலைப் பிய்த்து உட்புறத்தைத் திருப்புங்கள். நுனியில் சிவப்பாக இருந்து அடிக்குப் போகப் போக மஞ்சளாக வெளுத்தால் அக்குமினேட்டா. அடிமுதல் நுனிவரை ஒரே கருஞ்சிவப்பாக இருந்தால் பால்பிசியானா. ஏஏபி ரகங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று குழப்பும். அப்போது மட்டையைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் நாலுக்கு வருவோம்.

முதல் தூர்: நல்ல உயரம், தண்டில் திட்டு இல்லை, பழம் குட்டையாக உருண்டு சாம்பல் பூத்திருக்கும், ஒரு தடவை பழத்துக்குள் கறுப்பு விதை கடிபட்டது என்கிறீர்கள். அவாக். தமிழ்நாட்டில் கற்பூரவல்லி என்பது இதைத்தான். விதை வந்ததற்குப் பயப்பட வேண்டாம். அவாக்கின் பூவுக்கு மகரந்தம் கிடைத்தால் விதை பிடிக்கும், பக்கத்தில் காட்டு வாழை இருந்தால் இது சகஜம். உங்கள் தாமானுக்குப் பின்னால் பழைய ரப்பர் தோட்டத்து ஓரம் இருக்கிறது என்றீர்களே, அங்கிருந்து வௌவால் கொண்டுவந்திருக்கும். விசேஷத்துக்கு இலை வேண்டுமென்றால் இந்தத் தூரில் அறுங்கள். மாஸ் இலையைப் போல லேசில் கிழியாது.

மூன்றாவதை அம்மா மாஸ் என்கிறார், நீங்கள்தான் சந்தேகப்படுகிறீர்கள். அம்மா சொல்வது சரி. கறுத்த தண்டு, விரல் நீளப் பழம், காகிதம்போல மெல்லிய தோல், உள்ளே ஆழ்ந்த மஞ்சள். வேறு எதுவும் இல்லை. பெராங்கானாக இருந்தால் பழம் இன்னும் நீண்டு பருத்திருக்கும், பழுத்த தோலில் கறும்புள்ளிகள் இருக்கும், சதையில் லேசாக ஆரஞ்சு ஓடும். சீப்பு ஏன் அடர்த்தியாகப் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சுவருக்கும் ரம்புத்தானுக்கும் நடுவில் வைத்தால் எப்படிப் பிடிக்கும்? மாஸுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும்.

நாலாவது, தார் தள்ளாதது. பக்கத்து வீட்டுக்காரர் 'பொரிக்கிற வாழை' என்று கொடுத்தாராம். அந்த வர்ணனைக்கு இங்கே மூன்று ரகங்கள் பொருந்தும்: நிப்பா, அபு, தண்டோக். நீங்கள் சொன்னபடி தண்டு தென்னைபோலப் பருத்து, மட்டை வாய்க்கால் மூடியிருந்தால் தண்டோக் இல்லை. தண்டோக் ஏஏபி, தண்டிலும் நிறம் இருக்கும். அதன் தாரைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஒன்றிரண்டு சீப்பு, எண்ணி எடுக்கும்படி சில காய்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் கொம்பாக வளைந்திருக்கும், கீழே பூவே தொங்காது அல்லது சீக்கிரம் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே உங்களுடையது நிப்பாவாகவோ அபுவாகவோதான் இருக்க வேண்டும். காய் வந்த பிறகு பிரிப்பது சுலபம். நிப்பாவின் காய் குட்டையாக, கோணம் கோணமாக, சீப்பில் நெருக்கமாக ஒட்டிப் பிடித்திருக்கும். அபுவின் காய் விலகி நிற்கும், நீளம், மேலே சாம்பல். அபு நம்மூர் மொந்தனுக்குப் பக்கத்துச் சொந்தம், பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் அதுதான் எடுப்பு. பீசாங் கோரெங் (எண்ணெயில் பொரித்த வாழை) போடுகிறவர்கள் நிப்பாவைத்தான் தேடுவார்கள். எண்ணெயில் போட்டாலும் குழையாது. தார் தள்ளவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். மாஸ் ஒன்பது, பத்து மாதத்தில் வெட்டக் கிடைக்கும், இந்த முரட்டு ரகங்கள் ஒரு வருடம் தாண்டித்தான் வரும். நிழலில் நின்றால் அதற்கும் மேல்.

இரண்டாவதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மட்டை விளிம்பில் சிவப்பு, பழுத்ததும் காம்பு விட்டுத் தாரிலிருந்து தானே உதிரும் பழம், வெள்ளைச் சதை, நடுவில் சில நேரம் வேகாத கிழங்குபோலக் கட்டி. இது ரஸ்தாளியேதான். இங்கேயும் ரஸ்தாளி என்றுதான் மலாய்க்காரர்களும் சொல்வார்கள். ருசியில் என் ஓட்டு இதற்குத்தான், பெராங்கானெல்லாம் அப்புறம். ஆனால் வாழையில் இதைவிட நோஞ்சான் பிள்ளை கிடையாது, மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் முதலில் பிடிப்பது ரஸ்தாளியைத்தான்.

உங்கள் மரத்துக்கு வந்திருப்பது அதுவா என்று உறுதி செய்யாமல் வெட்ட வேண்டாம். இலை மஞ்சளாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைந்தாலும் கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருண்டு காயும். தண்ணீர் தேங்கினாலும் வெளுக்கும். பனாமா வாடலில் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மட்டை தண்டருகே மடிந்து, பாவாடைபோலத் தண்டைச் சுற்றித் தொங்கும். மேலே குருத்து மட்டும் சில நாள் பச்சையாக நிற்கும். அடித்தண்டில் நீளவாட்டில் வெடிப்பு விழும். இவ்வளவும் இருந்தால் ஒரு கத்தியால் வெளிப்பட்டையைக் கிழங்குக்கு மேலே கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான தண்டு உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கும். வாடல் வந்த தண்டில் செம்பழுப்பு நூல்கள் மேல்நோக்கி ஓடும், குறுக்கே வெட்டினால் அதுவே புள்ளிப் புள்ளியாகத் தெரியும். வெட்டிய உடனே பாருங்கள். காற்றுப் பட்டால் நல்ல தண்டும் சில நிமிடத்தில் பழுப்பாகும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல மரத்தை வெட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே அந்த நூல்கள் தெரிந்தால் மருந்து கிடையாது. கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சை மண்ணுக்குள் இருக்கிறது. அதன் வித்துகள் 20, 30 வருடம்கூட மண்ணில் கிடந்து மறுபடி முளைக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த குரோ மிஷேல் வாழையை, அதாவது நம் எம்புன் ரகத்தை, லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் அழித்தது இந்த நோய்தான். அதற்குப் பதிலாக வைத்த கேவண்டிஷ் அப்போதைய நோய்க்குத் தாங்கியது. பிறகு டிஆர்4 என்ற புது வகை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய கேவண்டிஷ் தோட்டங்கள் போட்டவர்களை அது உட்கார வைத்துவிட்டது. பெராங்கானையும் அது விடவில்லை.

செய்ய வேண்டியது இது. அந்தத் தூரை வெட்டி அதே இடத்தில் போட்டுவிடுங்கள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், உரக்குழியில் சேர்க்காதீர்கள். மழைத்தண்ணீர் அங்கிருந்து அவாக் பக்கம் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஒரு சிறு வரப்புப் போட்டுத் திருப்புங்கள், ஏனென்றால் அவாக்குக்கும் இது வரும். மண்வெட்டி, பாராங் கத்தி, செருப்பின் அடி எல்லாவற்றையும் அங்கேயே கழுவி, குளோரக்ஸ் கலந்த தண்ணீரில் துடையுங்கள். அந்தத் தூரிலிருந்து கன்று எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள், கோயிலுக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஊர் முழுக்க இந்த நோய் பரவியதே இப்படி அன்பாகக் கொடுத்த கன்றுகளால்தான். அந்த இடத்தில் இனி வாழை வேண்டாம். பப்பாளியோ முருங்கையோ வைத்துவிடுங்கள். ரஸ்தாளி மேல் ஆசை விடவில்லை என்றால், வீட்டின் வேறு பக்கத்தில், திசு வளர்ப்புக் கன்று (ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது) வாங்கி வையுங்கள். கன்று சுத்தமாக இருக்கும். மண் சுத்தமா என்பது வேறு விஷயம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோய் இருக்கிறது. வெளியே மரம் நன்றாக இருக்கும், காயை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக அழுகியிருக்கும். இது பாக்டீரியா, இரத்த நோய் என்பார்கள். நிப்பா, அபு வகைகளுக்கு இது அதிகம். தேன் குடிக்க வரும் பூச்சிகள் பூவின் வழியாகக் கொண்டுவருகின்றன. அதனால் கடைசிச் சீப்பு வெளிவந்ததும் கீழே தொங்கும் பூவை எடுத்துவிடுங்கள். கத்தியால் அல்ல, கவைக்கம்பால் முறுக்கி ஒடித்துவிடுங்கள், அல்லது கையால். கத்தியே நோயைச் சுமந்துபோய் அடுத்த மரத்தில் வைக்கும். எடுத்த பூ வீணாகாது. அபுவின் பூவில் துவர்ப்புக் குறைவு, பருப்புப் போட்டு வதக்கினால் அன்றைய சமையல் முடிந்தது. உங்கள் நாலாவது மரத்துக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். ரகம் பார்ப்பதற்கு ஒரு மடலைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடலாம்.

வளர்ப்பதைப் பற்றி இனி. இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கன்று தேர்வு, வடிகால், கன்று கழிப்பு, இந்த மூன்றில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

தாய்மரத்தடியில் இரண்டு வகைக் கன்று வரும். ஈட்டிபோல ஒடுங்கிய இலையும் அடி பருத்துமாக வருவது ஈட்டிக் கன்று. சின்ன வயதிலேயே அகல இலை விட்டு, பார்க்க அழகாக, அடி மெலிந்து நிற்பது நீர்க்கன்று. கடைக்காரர் நீர்க்கன்றைத்தான் காட்டுவார், இலை பச்சைப்பசேல் என்றிருக்கும். வாங்காதீர்கள். அது தாயின் கிழங்கோடு சரியாக ஒட்டாமல் வளர்ந்தது, தார் தள்ளினாலும் சிறுத்துத்தான் தள்ளும். இடுப்பு உயரத்துக்குள் இருக்கும் ஈட்டிக் கன்றைக் கிழங்கோடு சேர்த்துத் தோண்டுங்கள். வேரையெல்லாம் நறுக்கி, கிழங்கின் மேல்தோலைச் சீவுங்கள். சீவும்போது உள்ளே துளைகளும் சுரங்கப் பாதைகளும் தெரிந்தால் கூன்வண்டு இருக்கிறது, அந்தக் கன்றே வேண்டாம். வெள்ளையாக இருந்தால் நடலாம். தோட்டத்தில் கூன்வண்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: தார் வெட்டிய தண்டில் ஒரு முழம் எடுத்து நெடுக்காகப் பிளந்து, வெட்டின பக்கம் மண்ணைப் பார்க்கும்படி தூரடியில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தூக்கிப் பார்த்தால் கறுப்பு வண்டுகள் அடியில் சேர்ந்திருக்கும். பொறுக்கிக் கொன்றுவிடுங்கள், மருந்து வேண்டாம்.

குழி ஒன்றரை முழ அகலம், ஆழம் போதும். இடைவெளி மாஸுக்கு இரண்டு மீட்டர், அவாக், நிப்பாவுக்கு மூன்று மீட்டர். தாமான் வீட்டில் அவ்வளவு இடமில்லை என்றால் ரகத்தைக் குறையுங்கள், நெருக்கி வைக்காதீர்கள்.

மண் நம் பக்கத்தில் இரண்டு விதம். ஈயம் எடுத்த இடத்தில் வீடு கட்டியிருந்தால் அடியில் வெறும் மணல்தான். தண்ணீரும் உரமும் ஊற்றினவுடன் கீழே போய்விடும். அங்கே குழியில் மாட்டுச்சாணமும் மக்கின இலையும் நிறையப் போட்டு, மேலே கனமாக மூடாக்குப் போட வேண்டும். தோட்டத்தை வெட்டிக் கட்டின தாமானில் பெரும்பாலும் கெட்டிப்பட்ட செம்மண், லாரி ஏறி இறங்கி இறுகிப்போயிருக்கும். அங்கே பள்ளத்தில் வைத்தால் அக்டோபர், நவம்பர் மழையில் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். மேடு கட்டி அதன் மேல் வையுங்கள். வாழைக்குத் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஒரு வாரம் தாங்காது.

உரத்தில் வாழை தேடுவது சாம்பல்சத்துதான், தழைச்சத்து அதற்கு அப்புறம். செம்பனைக்குப் போடும் உரத்தை வாங்கிக் கைப்பிடி அளவு மாதம் ஒருமுறை தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டாலே போதும். விறகு அடுப்புச் சாம்பல் இருந்தால் அதுவும் நல்லது. தெரிந்தவர்கள் யாராவது எண்ணெய் ஆலையில் வேலை செய்தால் பழம் கழித்த வெறுங்குலைகளைக் கேட்டு வாங்குங்கள். சாம்பல்சத்து அதில் நிறைய, மூடாக்காகவும் ஆகும். ஒரு அடுக்காகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும், பிறகு பக்கத்தில் தென்னை வைத்திருப்பவர் உங்களோடு பேசமாட்டார்.

கன்று கழிப்பதில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ஒரு தூரில் தாய், ஒரு பெரிய கன்று, ஒரு சின்னக் கன்று, மூன்றுதான். மிச்சத்தை மண்மட்டத்தில் வெட்டி, குருத்தைக் கம்பியால் குத்திவிடுங்கள். உங்கள் படத்தில் மாஸ் தூரில் ஏழெட்டு நிற்கிறது, தார் சிறுத்ததற்கு நிழலோடு சேர்த்து அதுவும் காரணம்.

சுருட்டிய இலைக்குள் வெள்ளை மாவு பூசிய புழுவைக் கண்டேன் என்றீர்கள். அது இலைச்சுருட்டி. இலை ஓரத்தை வெட்டித் தானே சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும், அந்த மாவு அதன் உடம்பிலிருந்து வருகிற மெழுகு. பெரிதானால் பழுப்புப் பட்டாம்பூச்சியாகி அந்தி நேரத்தில் சுற்றும். சுருளைப் பிய்த்து மிதித்தால் முடிந்தது. வீட்டு வாழைக்கு இதற்கெல்லாம் மருந்து அடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தார் தள்ளியதும் மூங்கில் முட்டுக் கொடுங்கள், அவாக் தார் கனத்துக்கு மரமே சாயும். மாஸுக்குக் காயின் விளிம்புகள் மறைந்து உருண்டதும் வெட்டலாம். ரஸ்தாளியை மரத்திலேயே பழுக்க விட்டால் வெடித்து உதிரும், அதற்கு ஒரு வாரம் முன்பே வெட்டி வீட்டுக்குள் தொங்கவிட வேண்டும். தார் வெட்டிய மரம் மறுபடி காய்க்காது, ஆனால் உடனே அடியோடு வெட்ட வேண்டாம். பாதித் தண்டை நிற்கவிட்டால் அதிலிருக்கும் சத்தைக் கன்று இழுத்துக்கொள்ளும். மேல்பாதியில் வாழைத்தண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி வெளிநாட்டுக் கன்றை அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். சட்டத்தை விடுங்கள். இந்தியாவில் முடிக்கொத்து நோய் என்று ஒரு வைரஸ் இருக்கிறது. இலங்கையிலிருந்து அங்கே போனது, பழனி மலை விருப்பாட்சி வாழையைத் தலையெடுக்க விடாமல் அடித்தது. நோய் வந்த கன்று தொடக்கத்தில் நல்ல கன்றாகவே தெரியும், கூடவே வரும் அசுவினிப் பூச்சி அதை அக்கம்பக்கத்துக்குப் பரப்பும். ஒரு கன்று ஆசைக்குச் சுங்கை சிப்புட் வாழை முழுவதையும் பணயம் வைக்க வேண்டுமா?

அதுவும் இல்லாமல், பூவன் இங்கேயே இருக்கிறது. பீசாங் சிலோன் என்று விசாரித்துப் பாருங்கள். மைசூர் என்ற வகையைச் சேர்ந்த அதே ஏஏபி. பழத்தின் நுனியில் கிளி மூக்காக நீட்டிக்கொண்டிருக்கும், லேசான புளிப்பு. இலையைத் திருப்பி நடு நரம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பூவன்தான், வேறு ரகத்தைத் தலையில் கட்டவில்லை என்று அர்த்தம். பழைய தோட்டங்களில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி இது இன்னும் நிற்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், ஈட்டிக் கன்றாகப் பார்த்து, கிழங்கைச் சீவி, துளை இல்லை என்று தெரிந்த பிறகு எடுத்துவாருங்கள். ரஸ்தாளி நின்ற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நாலாவது மரம் தார் தள்ளினதும் மட்டையின் வெட்டுமுகத்தையும் ஒரு சீப்புக் காயையும் படம் எடுத்துப் போடுங்கள், நிப்பாவா அபுவா என்று சொல்லிவிடுகிறேன்.